வெயிட் தூக்கினா கை ஆம்பளை கை ஆயிடுமா?

9 ஜூன் 2025, காலை – கேள்வி (கொடுங்கையூர்)

வயசு 27. மூலக்கடை பக்கம் ஒரு ஜிம்ல சேர்ந்து ரெண்டு வாரம் ஆகுது. தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள கொஞ்சம் இளைக்கணும்னுதான் சேர்ந்தேன். இப்ப பார்த்தா எடை ஒரு கிலோவுக்கு மேல ஏறியிருக்கு, ஜீன்ஸ் தொடைகிட்ட பிடிக்குது. அம்மா தினமும் ஆரம்பிச்சிடறாங்க: "கை காலெல்லாம் முறுக்கிக்கினு ஆம்பளை மாதிரி நின்னா மாப்பிள்ளை வீட்ல இன்னா சொல்வாங்க?" கோச்சும் 2 கிலோ டம்பெல்லுக்கு மேல தர மாட்டேங்கறார். கேட்டா "லேடீஸுக்கு இது போதும்மா, இதுக்கு மேல போனா பாடி ஆயிடும்"ங்கறார். வெயிட்டை விட்டுட்டு ட்ரெட்மில், ஜூம்பா டான்ஸ் மட்டும் போதுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

9 ஜூன், இரவு – பெரம்பூர்க்காரி

ஆகாது.

ரெண்டு வாரத்துல தசை வளர்ந்து ஜீன்ஸ் பிடிக்கும்னா, எங்க ஜிம்ல வருஷக்கணக்கா கண்ணாடி முன்னாடி கையை மடக்கி மடக்கிப் பார்த்துட்டு நிக்கற பசங்கள்லாம் எப்பவோ கரை சேர்ந்திருப்பாங்க.

உங்களுக்கு ஏறினது தண்ணி. பழக்கமில்லாத வேலை கொடுத்தா தசை லேசா அடிபட்டு வீங்கும், அதான் மறுநாள் படிக்கட்டு இறங்கும்போது உயிர் போற வலி. அதோட, உழைக்க ஆரம்பிச்ச தசை எரிபொருளுக்காக மாவுச்சத்தை கிளைகோஜன்னு உள்ளயே சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் கூடவே சுமார் 3 கிராம் தண்ணியும் ஒட்டிக்கும். ஒரு கிலோ அங்கதான் போச்சு. பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தின வாரமா இருந்தா அந்தத் தண்ணியும் சேர்ந்துக்கும்.

எடை மெஷின்ல தினம் ஏறாதீங்க. ஒரு மாசம் கழிச்சு இன்ச் டேப் எடுங்க.

10 ஜூன், காலை

பெரம்பூர்க்காரிதான் மறுபடி. பஸ்ல எழுதறேன், எழுத்துப்பிழை இருக்கும். பாரிமுனை போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.

தசை பெருசாகறதுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் பெரிய காரணம். நம்ம ரத்தத்துலயும் அது இருக்கு. பெண்களுக்கு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 15-லேர்ந்து 70 நானோகிராம். ஆண்களுக்கு 300-லேர்ந்து 1000. லேப் ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் கோடு கொஞ்சம் மாறும், ஆனா வித்தியாசம் எவ்வளவுன்னு தெரியுதில்ல. இவ்வளவு வச்சிருக்கற ஆம்பளைங்களுக்கே ஒரு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டு, தூங்கி, எடையைக் கூட்டிக்கிட்டே போனாத்தான் சட்டைக்கு வெளியில ஏதோ தெரியும்.

அதுக்காக நமக்குத் தசையே வராதுன்னு அர்த்தம் இல்ல. நம்மகிட்ட இருக்கற அளவுக்கு விகிதம் போட்டுப் பார்த்தா நாமளும் அவங்க மாதிரியே வளர்றோம். ஆரம்பிக்கற இடம் சின்னது, அதனால சேர்றதும் சின்னது. முதல் ஒண்ணு ரெண்டு மாசம் தூக்கற எடை மளமளன்னு ஏறுமே, அது தசை பெருத்ததால இல்ல. நரம்புகள் இருக்கற தசையை ஒழுங்கா வேலை வாங்கக் கத்துக்குது, அவ்வளவுதான்.

பேசின் பிரிட்ஜ் வந்தாச்சு, டிராஃபிக். மிச்சம் அப்புறம்.

10 ஜூன், மதியம்

"பாடி ஆயிடும்"னு சொன்ன கோச்சை நினைச்சு சாப்பாட்டு நேரம் பூரா சிரிச்சிட்டிருந்தேன். பசங்க அவர்கிட்ட மாசாமாசம் காசைக் கட்டி அந்த பாடியைத்தான் கேக்கறாங்க, வர மாட்டேங்குது. நமக்கு மட்டும் 3 கிலோ டம்பெல்லைத் தொட்டா வந்துடுமாம்.

12 ஜூன்

யாரோ கீழே எழுதியிருக்காங்க, "நம்ம ஊர் பொண்ணுங்க உடம்புக்கு இந்த வெயிட்டெல்லாம் ஒத்துக்காது"ன்னு. எந்த ஊர்?

எங்க ஹவுசிங் போர்டுல லிஃப்ட் கிடையாது. 20 லிட்டர் தண்ணி கேன், கேனோட எடையும் சேர்த்தா 20 கிலோவுக்கு மேல. கேன் போடற பையன் வரலைன்னா மூணாவது மாடிக்கு இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போறது யாரு? சமையல் சிலிண்டர்ல கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோவை ஒட்டி வரும். அதைக் கேட்லேர்ந்து அடுப்படி வரைக்கும் உருட்டி, கடைசியில ஒரு எம்பு எம்பித் தூக்கி வைக்கறதும் பொம்பளைங்கதான். காசிமேட்டுல ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில தலையில ஏத்திட்டு பஸ் ஏற விட மாட்டாங்கன்னு ராயபுரம் வரைக்கும் நடந்து வர்ற அம்மாக்களைப் பார்த்திருக்கீங்களா? லாரித் தண்ணிக்கு ரெண்டு கையிலயும் ரெண்டு குடம் பிடிச்சு வரிசையில ஓடினவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

இத்தனை வருஷத்துல ஒருத்தரும் இவங்களைப் பார்த்து "ஐயோ கை பெருத்துடும், வேணாம்மா"ன்னு கூடையை வாங்கிக்கல. எடை ஜிம்முக்குள்ள போனாத்தான் எல்லாருக்கும் நம்ம அழகு மேல அக்கறை வருது.

12 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினதை "அப்ப வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே, ஜிம் எதுக்கு"ன்னு திருப்பிக்காதீங்க. அதே கேன், அதே படி, அதே பக்க இடுப்பு. வருஷக்கணக்கா எடை கூடறதும் இல்ல, பக்கம் மாறறதும் இல்ல. அதனாலதான் அந்த அம்மாக்களுக்குப் பலம் இருக்கு, கூடவே முட்டி வலியும் இருக்கு. ஜிம்ல ரெண்டு பக்கமும் சமமா, முதுகை நேரா வச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டறோம், நடுவுல ஓய்வும் எடுக்கறோம். ரெண்டும் ஒண்ணில்ல.

15 ஜூன், ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருக்கு. இன்னைக்கு மார்க்கெட்ல இருந்ததெல்லாம் ஐஸ் மீனும் வெளியூர் மீனும். விலை கேட்டேன், சுண்டல் வாங்கிட்டு வந்துட்டேன்.

விஷயத்துக்கு வர்றேன். எடை தூக்கினா உடம்பு பெருத்துடும்னா பளுதூக்கறவங்கதானே முதல்ல பெருத்திருக்கணும். டோக்கியோ ஒலிம்பிக்ல, 2021 ஜூலையில, மீராபாய் சானு வெள்ளி வாங்கினது 49 கிலோ பிரிவுல. ஸ்நாட்ச் (ஒரே வீச்சுல தலைக்கு மேல தூக்கறது) 87, கிளீன் அண்ட் ஜெர்க் (தோளுக்கு ஏத்தி, அப்புறம் மேல தூக்கறது) 115, மொத்தம் 202 கிலோ. தன் எடையைப்போல ரெண்டு மடங்குக்கு மேல தலைக்கு மேல தூக்கி நிறுத்தினவங்க, 49 கிலோவைத் தாண்டினா அந்தப் பிரிவுல மேடையே ஏற முடியாது. வருஷக்கணக்கா பயிற்சி, எடை மட்டும் அதே கோட்டுக்குள்ள. பாக்சிங்ல மேரி கோம் 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கினது 51 கிலோ பிரிவுல.

கர்ணம் மல்லேஸ்வரி 2000-ல சிட்னியில 110-ம் 130-ம் தூக்கி வெண்கலம் வாங்கினாங்களே, அவங்க கட்டுமஸ்தா இருந்தாங்களேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அவங்க போட்டி போட்டது 69 கிலோ பிரிவு சார். அந்தப் பிரிவுக்கு அந்த உடம்பு. ஒலிம்பிக்ல மெடல் வாங்கின முதல் இந்தியப் பொண்ணு அவங்கதான். அந்த உடம்பைக் குறையா சொல்ற வாய்க்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

நம்ம பக்கத்து பாக்சிங் பொண்ணுங்களையும் பாருங்க. மூட்டை மாதிரி பேக்கை அடிக்கறாங்க, தண்டால் எடுக்கறாங்க. போட்டிக்கு முந்தின வாரம் அவங்க கவலையெல்லாம் எடை பிரிவைத் தாண்டிடக் கூடாதேங்கறதுதான்.

18 ஜூன்

போட்டோ போட்டு "இது என்னவாம்?"னு கேட்டிருக்காங்க. மேடையில பிகினி போட்டு, நரம்பு புடைச்சு நிக்கற வெளிநாட்டு பாடிபில்டர். படத்தை எடுத்துடுங்க ப்ளீஸ், யாரோ ஒருத்தர் உடம்பு அது.

அது பல வருஷ வேலை. பெருசாகணும்னே திட்டம் போட்டு, வாரத்துல அஞ்சாறு நாள் தூக்கி, தேவைக்கு மேல அளந்து சாப்பிட்டு, அப்புறம் மாசக்கணக்குல கொழுப்பைக் கரைச்சு, போட்டி நாளைக்குத் தண்ணியைக் குறைச்சு, தோலுக்குக் கறுப்புச் சாயம் பூசி, மேடைக்குப் பின்னாடி தசையை வீங்க வச்சு, விளக்குக்கு ஏத்த மாதிரி திரும்பி நிக்கணும். அவங்களே அடுத்த வாரம் வீட்ல அப்படி இருக்க மாட்டாங்க. அந்த அளவுல சில பேர் ஆண் ஹார்மோன் மருந்தும் எடுக்கறாங்க. அந்த மருந்து எடுத்தா குரல் கட்டையாகும், முகத்துல முடி வரும், சிலது மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. அதுக்குப் பயப்படுங்க, அது நியாயம். டம்பெல்லுக்கு எதுக்குப் பயம்?

தூங்கிட்டிருக்கும்போது தெரியாம அப்படி ஆயிடாது.

22 ஜூன், ஞாயிறு

மீன் விலை இறங்கிடுச்சு. நெத்திலி வாங்கினேன்.

முதல் நாள் "ஆகாது"ன்னு ஒத்தை வார்த்தையில சொன்னதுக்கு ரெண்டு பேர் சண்டைக்கு வந்திருக்காங்க: "எனக்கு ஆச்சு, தோள் அகலமாச்சு." சரி, அதைப் பேசுவோம். உடம்பு ஒண்ணுமே மாறாதுன்னு சொன்னா அது பொய். மாறலைன்னா எதுக்குக் காசு கட்டறோம்?

நான் ஜிம்முக்குப் போனதே முதுகுவலிக்கு. நாள் பூரா நாற்காலியில குனிஞ்சு கணக்கு எழுதற வேலை. வலி போச்சு, அதைவிட ஒண்ணும் எதிர்பார்க்கல. மாத்தம் எனக்குத் தெரிஞ்சது கண்ணாடியில இல்ல, டெய்லர் கடையில.

எம்.சி. ரோடு பக்கத்துச் சந்துல பழைய டெய்லர், எங்கம்மா காலத்துலேர்ந்து அவர்கிட்டதான். அளவெல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்ல, ஓரம் எண்ணெய்ப் பிசுக்கோட, பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சிருப்பார். அளவு ப்ளவுஸ் கொடுத்தா வாங்க மாட்டார், "உடம்பு மாறும்மா, துணி மாறாது"ன்னு டேப்பைத்தான் எடுப்பார். அன்னைக்குக் கை சுத்தளவு எடுத்துட்டு நோட்டைப் பார்த்தார், மறுபடி எடுத்தார். பதினொண்ணரை இருந்தது பன்னெண்டு. "இன்னாமா, சாப்பாடு நல்லா ஏறிக்கினு கீதா?"ன்னார். நான் பேசல. மார்பு அதே அளவு. இடுப்புக்கு வந்தார். டேப்பைச் சுத்தினார், கண்ணாடியை மூக்குல இறக்கிப் பார்த்தார், டேப்பை உதறிட்டு இன்னொரு தடவை சுத்தினார். ரெண்டு இன்ச் குறைஞ்சிருந்தது. "கை ஏறி இடுப்பு எறங்குது, கொழந்தைக்கு உடம்பு எதுனா முடியலையா?"ன்னு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். எனக்கு வயசு நாப்பதைத் தொடப் போகுது.

ஆக, அரை இன்ச். பழைய ப்ளவுஸ் கை பிடிச்சது, உண்மை. உள்ளே விட்டிருந்த தையலைப் பிரிச்சுக் கொடுத்தார், வேலை முடிஞ்சது. நம்ம டெய்லர்ங்க எல்லாரும் அந்த உள்தையல் விட்டுத்தானே தைக்கறாங்க. பிரசவத்துக்குப் பிறகு அதைப் பிரிக்கறோம், தைராய்டு வந்தா பிரிக்கறோம். அப்பல்லாம் யாரும் இந்த மாதிரி நெட்ல இழை போட்டு விவாதம் பண்ணல.

ரெடிமேட் குர்த்தி வாங்கறவங்களுக்கு மட்டும் தொல்லை. தோளுக்கு எடுத்தா இடுப்புல தொளதொளங்கும். கை வெட்டு நெருக்கமா இருக்கற மாடல் எனக்கு இப்ப உதவாது. நிஜமான நஷ்டம்னு கணக்குல எழுதணும்னா அதைத்தான் எழுதுவேன்.

23 ஜூன்

தொடை விஷயத்துல இன்னொண்ணு. சில பேருக்குத் தொடை, தோள் மத்தவங்களைவிட சுலபமா ஏறும், அது பரம்பரை. சாப்பாட்டுல ஒண்ணும் மாத்தாம இருந்தா மேல இருக்கற கொழுப்பு அப்படியே நிக்கும், அடியில தசை சேரும், அதனால கொஞ்ச நாளைக்குச் சுத்தளவு கூடத்தான் காட்டும். அப்பதான் நிறைய பேர் பயந்து நின்னுடறாங்க.

நிஜமாவே ஒரு இடம் உங்களுக்குப் போதும்னு தோணினா அந்த இடத்துக்குப் பண்ற பயிற்சியைக் குறைங்க. தசை தங்கறதுக்கே நாம உழைச்சுக்கிட்டே இருக்கணும், குறைச்சா அதுவும் குறையும். காலைல எழுந்து பார்த்தா அளவு தாண்டிப் போச்சுங்கற கதை கிடையாது. நிறுத்தினா தசை கொழுப்பா மாறிடும்ங்கறதும் கதைதான். ஒண்ணு இன்னொண்ணா மாறாது. ஜிம்மை விட்டுட்டு சாப்பாட்டை மட்டும் விடாம இருக்கறதால நடக்கறது அது.

29 ஜூன்

வியாசர்பாடியிலேர்ந்து ஒரு தங்கச்சி கேக்கறா: "அக்கா, எனக்கு பிசிஓஎஸ். தாடையில முடி வருது. எனக்கு மட்டும் பெருத்துடுமா?"

பிசிஓஎஸ், அதான் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, இருக்கறவங்களுக்கு ஆண் ஹார்மோன் மத்த பெண்களைவிடக் கூட இருக்கலாம். ஆனாலும் ஆண்கள் அளவுகிட்டக்கூட சாதாரணமா வராது. பிசிஓஎஸ்-க்கு அடியில நிறைய பேருக்கு இருக்கற சிக்கல் இன்சுலின் சரியா வேலை செய்யாதது. தசைதான் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதிகமா வாங்கிக்கற இடம். அதனால வெயிட் உனக்கு எதிரி இல்லடா, நல்லதுதான். முடி ஜிம்மால வரல, சேர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கும், யோசிச்சுப் பாரு. டாக்டர்கிட்ட காட்டு, இங்க கேட்டு முடிவு பண்ணாத. முடி திடீர்னு வேகமா கூடினாலோ குரல் மாறினாலோ தள்ளிப்போடவே போடாத.

29 ஜூன், இரவு

சாப்பாட்டைப் பத்தி மூணு பேர் கேட்டாச்சு, அதனால சுருக்கமா. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020-ல சாதாரண ஆட்களுக்குச் சொன்ன புரதம் ஒரு நாளைக்கு எடையில கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்கறவங்களுக்கு 1.2-லேர்ந்து 1.6 வரைக்கும் போகலாம். 55 கிலோ ஆளுக்கு 66-லேர்ந்து 88 கிராம். கேக்க லேசா இருக்கு, நம்ம தட்டுல தேடிப் பாருங்க. காலைல நாலு இட்லி, மதியம் ரசம் சாதம், உருளைக்கிழங்கு பொரியல், ராத்திரி உப்புமா. எங்கிருக்கு புரதம்? ஒரு முட்டையில 6 கிராம். ஒரு டம்ளர் பால்ல 8. ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்ல 14 பக்கம். மீன் 100 கிராமுக்கு 20 சொச்சம். நம்ம பக்கம் மீன் இருக்கு, அந்தப் புண்ணியம் மவுண்ட் ரோடுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் கிடையாது.

சிறுநீரகத்துல ஏற்கெனவே பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம புரதத்தைக் கூட்டாதீங்க.

"புரதம் சாப்பிட்டா பெருத்துடுவோமா"ன்னு அடுத்த கேள்வி வரும். சுண்டல் சாப்பிட்டுப் பெருத்தவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க.

6 ஜூலை

2 கிலோ டம்பெல் விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன், அதுதான் கேள்வியிலயே முக்கியமானது.

உங்க ஹேண்ட்பேக் 2 கிலோ இருக்கும். அதையே நாப்பது தடவை ஆட்டினா மூச்சு வாங்கும், வேர்க்கும், தசைக்குப் புதுசா ஒண்ணும் சொன்ன மாதிரி ஆகாது. எட்டு, பத்து தடவை தூக்கினா அடுத்த ரெண்டு தடவை சிரமம்னு தோணற எடைதான் உங்க எடை. அது சுலபமான அன்னைக்கு ஒரு படி மேல. "டோன் ஆகணும், பெருக்கக் கூடாது"ன்னு எல்லாரும் கேக்கறோம். கை உறுதியா தெரியணும்னா அடியில தசை இருக்கணும், மேல கொழுப்பு கொஞ்சம் குறையணும், வேற ரகசியம் கிடையாது. சாப்பாட்டைக் குறைச்சு ட்ரெட்மில் மட்டும் ஓடினா இறங்கற எடையில தசையும் சேர்ந்து போகும். முகம் வாடி, கை தொங்கி, "இளைச்சும் நல்லா இல்லையே"ன்னு கல்யாண ஆல்பத்துல பார்த்து வருத்தப்படறதுக்கு அதுவே வழி. ஜூம்பா பண்ணுங்க, நல்லா இருக்கும், மனசுக்கும் நல்லது. வெயிட்டுக்குப் பதிலா வேணாம்.

முதல் தடவை பார்பெல், அதான் ரெண்டு முனையிலயும் எடை மாட்டற நீளக் கம்பி, பிடிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது கம்பியோட சொரசொரப்பு. குறுக்குக் குறுக்கா கீறின மாதிரி வெட்டியிருப்பாங்க, வழுக்காம இருக்க. போட்டிக் கம்பியில ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ, நம்மது கொஞ்சம் மெல்லிசா இருக்கும். ஆனா நம்ம ஏரியா ஜிம்ல பொண்ணுங்க கம்பி தனியா இருக்காது, 20-லயே பழகிடுவோம். பாரம் ஏற ஏற, விரல் அடியில உள்ளங்கையில வரிசையா காய்ப்பு வரும், முதல்ல செவப்பா, அப்புறம் மஞ்சளா. ஒண்ணு உரிஞ்சா மிளகாய்த்தூள்ல கை வைக்க முடியாது, குழம்பு வைக்கும்போது தெரியும். குளிச்சதும் ஊறியிருக்கும்போது கால் தேய்க்கற பியூமிஸ் கல்லால லேசா தேயுங்க, பிளேடால சீவாதீங்க. வெயிட் தூக்கி என் உடம்புல பெருசா மாறினது எதுன்னு கேட்டா இந்த உள்ளங்கைதான். இதைப் பத்தி எந்த அத்தையும் எச்சரிக்கல.

கோச்கிட்ட சண்டை போடாதீங்க. "சார், இது எனக்கு இருபது தடவை வருது, அடுத்ததைக் கொடுங்க, தூக்கற முறை சரியான்னு மட்டும் பாருங்க"ன்னு சொல்லுங்க. அதுக்கும் மறுத்தார்னா அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், வேற ஆளைப் பாருங்க. லேடீஸ் பேட்ச்சுன்னு பதினோரு மணிக்கு வச்சுட்டு, அந்த நேரத்துல ஏசியையும் நிறுத்தி கோச்சையும் சாப்பிட அனுப்பற இடமா இருந்தா காசு கட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க.

மாநகராட்சிப் பூங்காவுல இருக்கற திறந்தவெளி மெஷின்கள் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். உடம்பை அசைக்க நல்லது. ஆனா அதுல எடையைக் கூட்ட வழி கிடையாது, கொஞ்ச நாள்ல பத்தாமப் போகும்.

9 ஜூலை

திருவொற்றியூர்லேர்ந்து ஒரு பொண்ணு: "நீங்கல்லாம் பெருத்துடும்னு பயப்படறீங்க, எனக்குப் பெருசாகணும். ஒன்றரை வருஷமா தூக்கறேன், தோள் வர மாட்டேங்குது. என்ன பண்ண?"

கொடுங்கையூரையும் திருவொற்றியூரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சா இந்த இழையே தேவைப்படாது.

தங்கச்சி, நீ சாப்பிடறது பத்தல. 47 கிலோன்னு எழுதியிருக்க, காலைல டீ-பிஸ்கட்டுன்னும் எழுதியிருக்க. தோளுக்கு வாரத்துல ஒரு நாள் பண்றதை ரெண்டு நாளாக்கு, காலைல ஒழுங்கா சாப்பிடு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்டாத. வேணும்னு கேட்டவளுக்கே இத்தனை பாடு, பார்த்துக்கோங்க.

20 ஜூலை, ஆடி முதல் ஞாயிறு

தெரு முனையில கூழ் ஊத்தினாங்க. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுல தண்ணி இல்லாததால எடைக்குப் புரதம் ஜாஸ்தி, உப்பும் ஜாஸ்தி, பிரஷர்காரங்க பார்த்து.

அங்க அண்டாவை அடுப்புலேர்ந்து இறக்கினது நாலு அக்காங்க. நான் ஒரு பக்கம் பிடிச்சேன். முட்டியை மடக்கி, முதுகை நிமித்தி, அப்படியே ஜிம்ல தரையிலேர்ந்து எடை தூக்கற டெட்லிஃப்ட். ஒரு பாட்டி பார்த்துட்டு, "இது நல்லா தூக்குதே, எந்த வீட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டுச்சு. அதே பாட்டி போன வருஷம் நான் டீ-ஷர்ட்டோட ஜிம்முக்குப் போறப்ப வாயில சேலைத் தலைப்பை வச்சுக்கிட்டது. பலம் நம்மகிட்ட இருக்கறதுல யாருக்கும் ஆட்சேபம் இல்ல. அண்டா இறங்கணுமே. அது நம்ம கையில கண்ணுக்குத் தெரியறதுலதான் ஆட்சேபம். கொடுங்கையூர் அம்மா பயப்படறதும் தசைக்கு இல்லன்னு எனக்குத் தோணுது. மாப்பிள்ளை வீட்ல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லி, பொண்ணு கல்யாணம் தட்டிப் போயிடுமோங்கற பயம். டெஸ்டோஸ்டிரோன் கணக்கு சொல்லி அதைத் தீர்க்க முடியாது. அம்மாவைத் திட்டாதீங்க, கூட ஒரு நாள் ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க. அங்க வர்ற பொண்ணுங்களை அவங்களே பார்க்கட்டும்.

அம்மாவுக்கும் வேலை இருக்கு. முப்பது வயசுக்கு மேல நாம சும்மா இருந்தா பத்து வருஷத்துக்கு 3-லேர்ந்து 8 சதவீதம் தசை கரையும், அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. மாதவிடாய் நின்னதும் எலும்பு அடர்த்தியும் வேகமா இறங்கும். ஆஸ்திரேலியாவுல எலும்பு மெலிஞ்ச, மாதவிடாய் நின்ன 101 பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க, 2018-ல வெளியாச்சு. ஒரு பிரிவுக்கு வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாசம், பயிற்சியாளர் பக்கத்துல நின்னு பார்க்க, நிஜமாவே கனமான எடை: டெட்லிஃப்ட், ஸ்குவாட் (பாரத்தோட உக்காந்து எழறது), தலைக்கு மேல தூக்கறது. லேசான பயிற்சி பண்ணினவங்களைவிட இவங்களுக்கு முதுகெலும்பும் இடுப்பெலும்பும் நல்லா வந்தது. சராசரி வயசு அறுபதுக்கு மேல. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல பெரியவங்க எல்லாருக்கும் வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சின்னுதான் சொல்லுச்சு, ஆம்பளைக்கு மட்டும்னு சொல்லல. எலும்பு மெலிஞ்சவங்க தானா போய் பார்பெல்லைத் தூக்காதீங்க, டாக்டர் சொல்லி, தெரிஞ்ச ஆள் பக்கத்துல நிக்கணும்.

3 ஆகஸ்ட்

பாக்கி நின்ன ரெண்டு கேள்வி.

பவுடர்: வே புரோட்டீன்ங்கறது பால்லேர்ந்து எடுக்கறது, ஹார்மோன் இல்ல. சாப்பாட்டுல பத்தலைன்னா எடுத்துக்கலாம், கட்டாயம் கிடையாது. கிரியாட்டின்ங்கற இன்னொரு பவுடர் எடுத்தா தசைக்குள்ள தண்ணி கொஞ்சம் தங்கி எடை ஏறிக் காட்டும், பயந்துடாதீங்க. ஜிம் மேஜை மேல பிரிச்ச டப்பாவுலேர்ந்து ஸ்பூன்ல அள்ளி, பேர் ஒட்டாத கவர்ல போட்டுக் கொடுப்பாங்க, "இது சீக்கிரம் ரிசல்ட் காட்டும்"ன்னு. தொடவே தொடாதீங்க. சீல் இருக்கணும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருக்கணும், பில் கேளுங்க.

பீரியட்ஸ்: முடிஞ்சா போங்க, முடியலைன்னா போகாதீங்க. எனக்கு முதல் நாள் முடியாது, ரெண்டாவது நாள் போனா வலி குறையும். வேற ஒருத்தருக்குத் தலைகீழா இருக்கும். அன்னைக்கு எடையைக் குறைச்சுக்கலாம், யாரும் கணக்கு எடுக்க மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல கேள்வி போட்டா மதியம்தான் பதில் வரும். மீன் கழுவிட்டிருப்பேன்.